கரிக்காத தண்ணீர்

தோணியின் அடிவயிற்றில் நான் குப்புறப் படுத்திருந்தேன். முதுகுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தட்டுப்பலகை. உள்பலகைகளில் இரண்டைப் பெயர்த்து ஓரமாக வைத்தாயிற்று. பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. வாளியில் ஊறப்போட்டு மறந்துவிட்ட துணியின் வாடை.

வெளியே உச்சி வெயில். இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சத்தில் வங்கு தெரிந்தது. தோணிக்குள் விலா எலும்பு போல வளைந்து நிற்கிற மரத்துக்கு எங்கள் ஊரில் வங்கு என்று பெயர். வெளிப்பலகை முழுவதும் வங்கின் மேல் ஆணியடித்துத்தான் நிற்கிறது. வங்கு போனால் தோணி போயிற்று.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அது கருவேல மரம். உளியே அதில் சிரமப்பட்டுத்தான் இறங்கும். என் விரல் நகம் மறையும் அளவுக்கு உள்ளே போயிற்று. ஒரு கை நாரைப் பிய்த்துப் பிழிந்தேன். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு ஒருவர் சொன்ன பேச்சு மனதில் கிடந்தது. அதனால்தான் விரலை நாக்கில் வைத்தேன்.

உப்புக்குத் தயாராக இருந்த நாக்கு ஏமாந்துபோயிற்று. இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். மரத்தின் கசப்பு இருந்தது, மீன் எண்ணெய் நாற்றம் இருந்தது, உப்பு மட்டும் இல்லை. குடிக்கிற தண்ணீர். ஆற்றுத் தண்ணீர்.

படுத்த வாக்கிலேயே எனக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. தோணி கெட்டது என்னால். அதற்காக வேலை போனது சூசைக்கு.

அக்காள் வருகிறாள்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். உங்கள் கட்டுரைகளில் மரம் வருகிறது, ஆணி வருகிறது, கயிறுகூட வருகிறது, ஒரு பெண்கூட வரவில்லையே என்று கேட்டிருந்தார். நியாயமான புகார். இந்த வாரம் என் அக்காள் ரோசம்மாள் வருகிறாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்.

அக்காள் புருஷன் பவுல், தோணித் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ அப்படித் தோணிக்குத் தண்டல். 'அடைக்கலமாதா' என்ற அந்தத் தோணி அவருடையது. குடும்பத்துக்கு வேறு சொத்து கிடையாது. அதில் பதினோரு பேர் போய்வந்தார்கள். நான் ஓடாவி, அதாவது தோணி கட்டுகிற தச்சன். அத்தான் தோணியில் ஓர் ஆணி மாற்றுவதென்றாலும் நான்தான் மாற்ற வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நீராவிக் கப்பல்களெல்லாம் சண்டைக்குப் போய்விட, தூத்துக்குடித் தோணிகளுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. ஓடு, வெங்காயம், கருவாடு, கருப்பட்டி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடிய வண்ணம் இருந்தார்கள். கச்சான் காற்று ஓங்கி அடிக்கிற மாதங்களில் மட்டும் தோணி ஓடாது. கரையில் ஏற்றிச் சாய்த்து வைத்து ஆணி பார்ப்போம், கலப்பத்து அடிப்போம். பலகைச் சந்துகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். மாதா கோயில் திருவிழா முடிந்ததும் மறுபடி இறக்குவோம்.

அந்த நாளில் தோணியில் குடிதண்ணீர் ஒரு பீப்பாயில் போகும். பாய்மரத்தடியில் கட்டி வைத்திருப்பார்கள். தூத்துக்குடிக்காரனுக்கு நல்ல தண்ணீர் என்றால் எவ்வளவு பெரிய சமாசாரம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள்.

ஒரு பயணத்தில் பீப்பாய் உருண்டு பிளந்துவிட்டது. கொழும்பிலிருந்து திரும்பும் வழி. மறுநாள் காற்றும் அடங்கிவிட்டது. நாலு நாள் தோணி இருந்த இடத்தில் இருந்தது. பாயில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை என்று அத்தான் பின்னாளில் சொல்வார். சமையல் பானையில் மிஞ்சிய தண்ணீரை ஆளுக்கு ஒரு சிரட்டை என்று பங்கு வைத்தார்கள். வெங்காயத்தைக் கடித்துச் சாற்றை விழுங்கினார்கள்.

அத்தானுக்கு அப்போது காய்ச்சல். தோணியின் அடியில் ஊறித் தேங்கும் அடித்தண்ணீரை இறைக்கிற சூசை, தன் பங்குச் சிரட்டையை இரண்டு நாள் அத்தான் வாயில் ஊற்றினார்.

மூன்றாம் நாள் சூசை கடல் தண்ணீரைக் குடித்தார்.

பாய்மரத்துக்கு அழைப்பு

சூசைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு கிடக்கும். அதிகம் பேசாத மனிதர். கடல் தண்ணீர் குடித்த பிறகு வாய் ஓயாமல் பேசினாராம். பாய்மரத்தைப் பார்த்து, 'வீட்டுல கல்யாணம், குடும்பத்தோட வந்துரணும்' என்று கும்பிட்டாராம். கரைக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து தெளிந்தார்.

மனிதர் தெளிந்துவிட்டார். ஊர் தெளியவில்லை. சூசை எதைச் சொன்னாலும், 'கடல்தண்ணி பேசுது' என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் மகளை உண்மையிலேயே கட்டிக்கொடுத்த கல்யாண வீட்டுக்கே, 'பாய்மரத்துக்குச் சொல்லியாச்சா சூசை?' என்று கேட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்த நாலு நாள் கதையைக் கேட்டு என் அக்காள் நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

"ஏலே மிக்கேலு, ஒங்க அத்தானுக்கு ஒரு தொட்டி செஞ்சு குடு. தோணிக்குள்ளயே இருக்கணும். உருளக் கூடாது, பிளக்கக் கூடாது."

"தோணிக்குள்ள எடம் ஏதுக்கா? சரக்கு ஏத்துத எடத்த அடைச்சா அத்தான் ஏசுவாவ."

"எடம் பாக்கதுக்குத்தான் ஓடாவின்னு ஒன்ன வச்சிருக்கு. எனக்குத் தொட்டி வேணும்."

செய்து கொடுத்தேன். நல்ல தேக்கில், தோணியின் பின்பக்கம், தட்டுக்குக் கீழே. இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு வேலை செய்தேன். தொட்டிக்கென்று தனியாகப் பின்சுவர் வைக்காமல் தோணியின் உள்பலகையையே சுவராக்கினேன். அதற்குப் பின்னால் வங்குகள். தொட்டியும் தோணியும் ஒரே உடம்பாக ஒட்டி நின்றன. மற்ற ஓடாவிகள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டுமே. தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி ஒருநாள் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரைச் சோதனைக்கு ஊற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். ஒருநாள் கழித்துப் பார்த்தால் கோடு போட்ட இடத்தில் அப்படியே நின்றது. ஊறிய மரம் உப்பிச் சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். எல்லாருக்கும் சந்தோஷம்.

யோசிக்காமல் விட்டது ஒன்று. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து காயவிடுவார்கள். காய்ந்தால் மரம் சுருங்கும், சந்து திறக்கும். மறுபடி நிரப்பும்போது மரம் ஊறி அடைத்துக்கொள்ளும் வரை கொஞ்சம் ஒழுகும். ஒழுகுவது வெளியே தெரியாமல் பின்பக்கமாக வங்குக்குள் போகும். தொட்டியில் மட்டம் குறைந்தால் பதினோரு பேர் குடித்தது என்று கணக்கு. யாருக்கும் சந்தேகம் வராது.

கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு சீக்கிரம் அழுக விடாது. அழுக வைப்பது நல்ல தண்ணீர்தான். இது எந்த ஓடாவிக்கும் தெரிந்த பாடம். ஆனால் தாகத்தில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு நல்ல தண்ணீரின் மேல் குற்றம் சொல்ல மனம் வராது. தோணியில் ஈரம் என்றால் கடலைத்தான் பழிப்போம்.

நானும் கடலைத்தான் பழித்தேன். அடுத்த வருடம் பின்பக்கம் ஈரம் தெரிந்தபோது வெளியிலிருந்து இரட்டைக் கலப்பத்து அடித்தேன். உள்ளேயிருந்த தண்ணீருக்கு வெளியே போக இருந்த வழியையும் அப்படி அடைத்துவிட்டேன்.

இடையில் ஒரு ஃபைபர் படகு

போன மாதம் திரேஸ்புரத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஃபைபர் படகு வைத்திருக்கிறார், பழசு. அடித்தட்டைத் தட்டினால் சத்தம் மாறிக் கேட்கிறதாம். மிதித்தால் அமுங்குகிறதாம்.

ஃபைபர் படகிலும் அடியில் தாங்கு மரம் உண்டு. மேலே ஃபைபரைச் சுற்றி மூடிவிடுவதால் அது கண்ணுக்குத் தெரியாது. தட்டில் எவனாவது ஓர் ஓட்டை போட்டு இஞ்சினையோ பெட்டியையோ முடுக்கியிருப்பான். அது வழியாகத் தண்ணீர் இறங்கும். இறங்கியது வெளியே வராது. மரம் உள்ளுக்குள்ளேயே ஊறிக் கூழாகும்.

"அடியில துளை போட்டு வார தண்ணிய நாக்குல வச்சுப் பாரும்" என்றேன்.

"தண்ணியில என்ன அண்ணாச்சி வித்தியாசம்?" என்றார். வயதானவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் நானே வைத்திருந்த முகம்.

இரண்டு நாள் கழித்து வந்து, "மழைத்தண்ணிதான் அண்ணாச்சி" என்றார். அப்படியென்றால் கோளாறு அடியில் இல்லை, மேல்தட்டில். தட்டைப் பிரித்து, ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, புது மரம் வைக்கச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சூசை சொன்னது

மூன்று வாரம் முன்பு ஒருவர் சொன்னார் என்றேனே, அது சூசைதான்.

அந்த சீசனின் கடைசிப் பயணம் முடிந்து தோணி கரைக்கு வந்திருந்தது. ஆணித்தலைகளில் கறுப்பாகக் கறை வடிந்திருந்தது. திரும்பும் வழியில் அலைக்கு அலை பின்பக்கம் முனகியதாக அத்தான் சொன்னார். எல்லாரும் தோணியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். சூசை ஈரத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே வந்தார்.

"தண்டல், அடித்தண்ணி முன்ன மாதிரி கரிக்கல. பின்பக்கம் ஊறி வாரதுல கரிப்பே இல்ல. நாக்குல வச்சுப் பாத்தேன்."

"கருப்பட்டிச் சிப்பம் ஏத்துனோம்லா, நனைஞ்சிருக்கும்" என்றார் அத்தான்.

"கருப்பட்டி இல்ல தண்டல். நல்ல தண்ணி."

"சூசைக்குக் கடல்தண்ணி இன்னும் இனிக்கி டோய்!" என்று தோணிக்காரன் ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். அத்தான் சிரித்தார். நான் எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன். நல்ல தண்ணீர் என்ற சொல் என் தொட்டியின் பக்கம் போய்விடக் கூடாது என்று எனக்கே தெரியாமல் உள்ளே ஏதோ பதறியிருக்கிறது. இப்போது எழுதும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

மறுநாள் அத்தான் முடிவு சொன்னார்.

"தண்ணி எறைக்கதுக்குத்தான் ஒன்ன வச்சிருக்கு சூசை. நீ எறைக்காமப் போட்டதுலதான் பின்பக்கம் ஊறிப் போச்சு. சீசனுக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

"நான் எறைச்சேன்" என்றார் சூசை. தோணிக்குள் இருந்த தன் படுக்கைப் பாயை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு தோணியிலிருந்து கழித்த ஆளை இன்னொரு தோணியில் ஏற்ற மாட்டார்கள். அதுவும் தண்ணீர் இறைக்காதவன் என்ற பெயரோடு. சூசை உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார்.

பதினோரு நாள்

இனி கட்டுரையின் ஆரம்பத்துக்கு வரலாம். வங்குக்கு அடியில் நாக்கை வைத்துக்கொண்டு நான் படுத்திருந்த இடத்துக்கு.

எழுந்து வெளியே வந்து முகம் கழுவினேன். "என்ன மிக்கேலு, எத்தன வங்கு?" என்று அத்தான் கேட்டார். "ஏழு" என்றேன். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படிப் பதினோரு நாள் சொல்லாமல் இருந்தேன்.

அந்தப் பதினோரு நாளும் நான் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முதல் காரியமாகத் தொட்டியைக் கழற்றி வெளியே வைத்தேன். இடைஞ்சலாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். உள்பலகைகளை எடுத்துவிட்டுக் கச்சான் காற்றை உள்ளே விட்டேன். நாலாம் நாளில் அந்த வாடை போயிற்று. பனைமட்டையைச் சீவி வளைத்து ஒவ்வொரு வங்கின் வளைவையும் அளவெடுத்தேன்.

வளைவு மரத்துக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் கரியடுப்பு வைத்து ஓட்டிய காலம். இறங்கும்போது மூக்குக்குள் கறுப்பு. குளத்தங்கரையில் நின்ற கருவேல மரங்களில் ஏழு பனைமட்டைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்தார்.

"நேரா நிக்கத விட்டுட்டுக் கோணலா நிக்கதையே தேடுதீரே, என்ன வேய்?"

"தோணிக்கு."

"நேரான மரத்த வளைச்சுக்கிடலாம்லா?"

"வளைச்சு வச்சா கடல்ல போயி நிமிரும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பளத்தைத் தாண்டித்தான் பஸ் வந்தது. வெயிலில் வெள்ளையாகக் குவித்திருந்த உப்புக்கு நடுவே ஆட்கள் குனிந்து நின்றார்கள். தலையில் ஈரத்துண்டு போட்ட ஆள் தெரிகிறாரா என்று பார்க்காமல் இருக்க நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வங்கை எடுத்தால் பக்கத்து வங்கைத் தொடக் கூடாது. ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து, புதியதை வைத்து முடுக்கிய பிறகுதான் அடுத்தது. மொத்தமாக எடுத்தால் தோணி வடிவம் கெட்டுவிடும். செம்பாணிக்குப் பஞ்சம் என்பதால் பழைய ஆணிகளைச் சூடுகாட்டி நிமிர்த்திப் பாதிக்கு மேல் அதையே அடித்தேன். மதியச் சாப்பாடு அக்காள் வீட்டில்.

பதினோராம் நாள் மதியம் அக்காள் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் கை கழுவியபடி பேச்சைத் தொடங்கினேன். ஏன் அவளிடம் முதலில் சொன்னேன் என்றால், அத்தானிடம் சொல்லப் பயம். அவ்வளவுதான்.

"அக்கா, வங்கு ஊறுனது கடல்தண்ணியில இல்ல."

"பெறவு?"

"தொட்டித் தண்ணி."

அவள் கை நின்றது. "சூசை சொன்னது அதத்தான?"

"ஆமா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பதினோரு நாளாச்சு."

என் அக்காள் கோபப்பட்டால் கத்துவாள். அன்றைக்குக் கத்தவில்லை. மீன் கையைத் தண்ணீரில் அலசினாள்.

"நடுக்கடல்ல தவிச்சுக் கெடந்தவன் தன் பங்குத் தண்ணிய ஒங்க அத்தான் வாயில ஊத்துனான். நீ பதினோரு நாளு வாய மூடிக்கிட்டு அந்த அத்தான் வீட்டுச் சோத்தத் திங்குத."

அரிந்த மீனை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"தொட்டி வேணும்னு கேட்டவ நான். அதனால எனக்கும் பங்கு உண்டு. நீ சொல்லுதியா, நான் போயிச் சொல்லவா?"

அன்று சாப்பாடு கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உப்பளத்தில்

அத்தான் தோணி நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கயிற்றைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மொதல்ல கருப்பட்டின்னு சொன்னது நாந்தான?" என்றார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "வா, போவோம்."

உப்பளத்தில் சூசை குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார். காலில் வெடிப்பு வெடிப்பாகப் புண். வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களைப் பார்த்தும் வாருவதை நிறுத்தவில்லை.

"சூசை, தப்பு எங்க மேல. நீ சொன்னதுதான் சரி. சீசனுக்கு வந்துரு" என்றார் அத்தான்.

சூசை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தொட்டியா?"

"ஆமாண்ணே."

"தெரியும். தொட்டியோரத்து இடுக்குல வெரலவிட்டுத் தடவிப் பாத்தேன். ஈரம்."

"அத ஏம்ணே அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான வந்தேன். நீ சிரிச்சல்லா."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. உப்புத்தூள் கண்ணில் விழுந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அந்த வாக்கியத்தை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அந்தத் தொட்டிய வெறகாக்கிருவோம்" என்றார் அத்தான், சமாதானமாக.

அப்போதுதான் சூசை நிமிர்ந்தார். "தொட்டிய எடுத்தா நான் வரல. தண்ணியில்லாமக் கெடந்தவன் நானு. தொட்டி இருக்கட்டும். அதுக்குன்னு தனிச் சொவரு வச்சு, வங்கத் தொடாம, கை போற எடம் விட்டு வைக்கச் சொல்லும்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இன்னொண்ணு. எல்லாரு முன்னாலயும் சிரிச்சான். எல்லாரு முன்னாலயும் சொல்லணும்."

தோணி இறங்கிய நாள்

திருவிழா முடிந்து இரண்டாம் நாள் காலை, கடல் ஏறி நின்ற நேரத்தில் அடைக்கலமாதாவைத் தண்ணீரில் இறக்கினோம். எந்தத் தோணியும் இறங்கிய முதல் நாள் கொஞ்சம் கடல் தண்ணீரை உள்ளே விடும். மரம் ஊறி இறுகிய பிறகு நின்றுவிடும். மறுநாள் பயணத்துக்காகத் தொட்டியிலும் நல்ல தண்ணீர் நிரப்பியாயிற்று. மாலை நாலு மணிக்கு மாதா கோயில் சாமியார் தோணியை மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளித்து முடித்தார். பதினோரு பேர் குடும்பமும், மற்றத் தோணிகளின் தண்டல்களும் நின்றார்கள். ஓடாவிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். என் தொட்டியை இரண்டு வருடம் முன்பு குனிந்து பார்த்துவிட்டுப் போன அதே ஆட்கள்.

அக்காள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

தட்டில் ஏறி நின்றேன். நான் என்ன பேசினேன் என்பதை அழகுபடுத்தி எழுத ஆசைதான். உண்மையில் நாலு வாக்கியம். "வங்கு அழுகுனது தொட்டித் தண்ணியில. தொட்டி நான் செஞ்சது. சூசையண்ணன் ஒழுங்கா எறைச்சாவ. அவிய சொன்னப்ப நான் சிரிச்சேன்."

ஓடாவிகளில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அடுத்த மூன்று சீசனுக்கு எனக்கு வந்த வேலை பாதியாகக் குறைந்தது. அதை இங்கே குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சூசை தட்டிலிருந்து கீழே தோணிக்குள் இறங்கினார். பின்பக்கம் போனார். புது வங்குக்கும் தொட்டிக்கும் நடுவில் நான் விட்டிருந்த சந்தில் கையைவிட்டுத் தடவினார். பிறகு அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். மேலே தட்டில் நின்ற எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அவசரப்படவில்லை. இரண்டாம் முறையும் வைத்தார். வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தார்.

"கரிக்கு!"

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கடல் தண்ணீர் கரிக்கிறது என்பதற்காக எங்கள் ஊர் கைதட்டியது அந்த ஒரு நாள்தான்.

சூசை பாயை விரித்து, பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார். மறுநாள் தோணி கொழும்புக்குப் போயிற்று.

அதற்குப் பிறகும் பல வருடம் அடைக்கலமாதா ஓடியது. ஏழு வங்கும் அசையவில்லை. கொழும்பிலிருந்து திரும்பித் தோணி கரையை நெருங்கும்போதெல்லாம் சூசை முன்பக்கம் வந்து நிற்பார். கரைக்கூட்டத்தில் என்னைத் தேடுவார். நான் எவ்வளவு பின்னால் நின்றாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி அந்த ஒரு சொல்லைக் கத்துவார்.

"மிக்கேலு, கரிக்கு!"

மன்னித்ததாகச் சொன்னாரா, மறக்கவில்லை என்று சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. புதிதாக வந்தவர்கள் விஷயம் தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள், தெரிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக் காட்டினேன்.